சி போச்சு... பி?

காலையில குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாய்ஸ் நோட். பேசினவர் யாருன்னு சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன். வீட்டு விசேஷம்னா வாளியைத் தூக்கிட்டு பந்தியில முதல் ஆளா நிப்பார். அவர் சொன்னது இதான்:

"மாமாவுக்குத்தான் ஹெபடைடிஸ் சி சரியாயிடுச்சே? ரிப்போர்ட்டே நெகட்டிவ். அப்புறம் எதுக்கு இன்னும் அந்த மாத்திரையை முழுங்கிட்டு இருக்காரு? கிட்னி போயிடும். யாராவது நிப்பாட்டச் சொல்லுங்கப்பா."

கீழ வரிசையா கட்டைவிரல். ஒரு சித்தி கும்பிடு போட்டிருந்தாங்க. (எதுக்குக் கும்பிடு? தெரியல. அந்தச் சித்தி எல்லாத்துக்கும் கும்பிடுதான்.)

பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன். நீண்டுட்டே போச்சு. வாட்ஸ்அப்ல இவ்ளோ நீளத்துக்கு யாரும் படிக்க மாட்டாங்க. அதனால இங்க.

முதல் விஷயம்: மாமா இப்போ போடறது சி-க்கான மாத்திரையே இல்ல. பி-க்கானது. அவருக்கு ரெண்டுமே இருந்துச்சு. சி போயிடுச்சு, பி போகல. போகவும் போகாது, அடங்கி மட்டும் இருக்கும். அந்த மாத்திரையாலதான் அடங்கியிருக்கு.

இதைச் சொன்னா எல்லாரும் கேக்கற கேள்வி: "ஒரே ஆளுக்கு ரெண்டுமா? எப்படி?"

எப்படின்னா, ரெண்டுமே ரத்தம் வழியா வர்றது. ஒண்ணு வந்த வழியில இன்னொண்ணும் வரலாம். பி இருக்கறவங்கள்ல நூத்துக்கு அஞ்சுலேர்ந்து இருபது பேருக்கு சி-யும் இருக்குன்னு மருத்துவப் புத்தகங்கள் சொல்லுது. ஊருக்கு ஊர் இது மாறும். டயாலிசிஸ் பண்றவங்க, தலசீமியாவால அடிக்கடி ரத்தம் ஏத்திக்கறவங்க, ஊசியில போதை மருந்து போடறவங்க, இவங்ககிட்ட கூடுதலாப் பாக்கலாம்.

மாமா கதை வேற. 1987-ல அவருக்கு ஒரு லாரி விபத்து. தொடை எலும்பு உடைஞ்சு, பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்தினாங்க. அந்த வருஷத்தை யோசிச்சுப் பாருங்க. ஹெபடைடிஸ் சி-ங்கற வைரஸுக்கு அப்போ பேரே கிடையாது! ரத்தம் ஏத்தினவங்களுக்கு ஏதோ ஒரு மஞ்சக்காமாலை வருது, ஏ-யும் இல்ல, பி-யும் இல்லன்னு மட்டும்தான் டாக்டர்களுக்குத் தெரியும். அதனால 'ஏ-யும் அல்ல பி-யும் அல்ல'ன்னே அதுக்குப் பேர் வச்சிருந்தாங்க. அமெரிக்காவுல ஹார்வி ஆல்ட்டர் வருஷக்கணக்கா அது பின்னாடியே அலைஞ்சார். 1989-ல மைக்கேல் ஹவுட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ எல்லாம் சேர்ந்த ஒரு குழு அந்த வைரஸைக் கண்டுபிடிச்சுது. 2020-ல ஆல்ட்டர், ஹவுட்டன், சார்லஸ் ரைஸ் மூணு பேருக்கும் நோபல்.

அதாவது 1987-ல உலகத்துலயே பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தியிருந்தாலும் சி இருக்கான்னு பாத்திருக்க முடியாது.

இதுல நம்ம ஊர் நிலைமையையும் சேத்துக்குங்க. அப்போ காசுக்கு ரத்தம் விக்கறது சாதாரணம். (பழைய படங்கள்ல ஹீரோ ரத்தம் வித்துத் தங்கச்சிக்கு மருந்து வாங்குவாரே, அது சும்மா கற்பனை இல்ல.) சுப்ரீம் கோர்ட் 1996-ல தீர்ப்பு குடுத்து, 1998 ஜனவரியிலதான் அந்தத் தொழிலுக்குத் தடை வந்துச்சு. மாமாவுக்கு ரெண்டும் அந்த பாட்டில்லேர்ந்துதான் வந்துச்சான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா டாக்டர் அந்தப் பழைய தையல் தழும்பைப் பாத்துட்டு "எந்த வருஷம்?"னு கேட்டாங்க. வருஷத்தைச் சொன்னதும் தலையாட்டினாங்க. அவ்ளோதான்.

அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் சோர்வு. "வயசாகுதுல்ல மாப்ள"ன்னுவாரு. கல்லீரல் அப்படித்தான். முக்கால்வாசி போற வரைக்கும் வாயே தொறக்காது.

கண்டுபிடிச்சது எப்படின்னா, குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன இடத்துல. ஆபரேஷனுக்கு முன்னாடி எச்.ஐ.வி., பி, சி மூணும் பாப்பாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் தெரிய வருது. ஒண்ணு ஆபரேஷன், இல்லன்னா ரத்ததானம், இல்லன்னா கல்ஃப் மெடிக்கல். கடைசிதான் கொடுமை. கடன வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டு மெடிக்கலுக்குப் போற பையனுக்கு, பி இருந்தாலோ சி இருந்தாலோ 'அன்ஃபிட்'னு ஒரு முத்திரை. உடம்புல என்ன இருக்கு, அடுத்து எங்க போகணும், ஒண்ணும் சொல்றதில்ல. அவன் நேரா லேகியம் விக்கறவர்கிட்ட போறான். வேற எங்க போவான்?

சரி, மாமா விஷயத்துக்கு வர்றேன்.

அந்த நர்சிங் ஹோம்ல (பேர் வேண்டாம்) ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல சி ரியாக்டிவ்னு இருந்துச்சு. அங்க இருந்த டாக்டர் ரொம்ப உற்சாகமாயிட்டார். "இதெல்லாம் இப்போ ஒண்ணுமே இல்ல, மூணு மாசம் மாத்திரை, குணமாயிடும்"னு சீட்டு எழுதிட்டார். அவர் சொன்னதுல பொய் இல்ல. இதுல அவர் சொன்னதுக்கு மேலயே சந்தோஷப்படலாம்.

ஒரு காலத்துல சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி. வாரா வாரம், சில பேருக்கு 48 வாரம் வரைக்கும். காய்ச்சல், முடி கொட்டறது, மனசு உடைஞ்சு போறது, எல்லாம் பட்டும் நிறைய பேருக்குப் போகாது. 2013 டிசம்பர்ல சோஃபோஸ்புவிர் வந்துச்சு. அமெரிக்காவுல 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர்! 2014-ல இந்தியக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடைச்சதும் விலை தரைக்கு வந்துச்சு. 2018 ஜூலை 28-ல தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சப்புறம் அரசு மையங்கள்ல இலவசம். 1,000 டாலர் மாத்திரையை நம்ம ஜி.ஹெச். கவுன்டர்ல கவர்ல போட்டுக் குடுக்கறாங்க. இதை நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

ஆனா அந்த ரிப்போர்ட்டுக்கு ரெண்டாவது பக்கம் ஒண்ணு இருந்துச்சு.

அதை யாரும் திருப்பல.

திருப்பினது மாமாவோட மருமக. ஸ்டாஃப் நர்ஸ். சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வந்து, டீயை ஒரு கையில வச்சுக்கிட்டு ரிப்போர்ட்டைப் பாத்தா. "அண்ணா, ரெண்டாவது பக்கம் பாத்தீங்களா? ஹெச்பிஎஸ்ஏஜி-யும் ரியாக்டிவ். இவருக்கு பி-யும் இருக்கு. இந்த மாத்திரையை இப்போ ஆரம்பிக்க வேணாம்."

மாமாவுக்குக் கோவம். "பெரிய டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, நீ என்னம்மா..."

"மாமா, ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் பொறுங்க."

(அந்தப் பொண்ணுக்கு நாங்க இன்னும் ஒழுங்கா நன்றி சொல்லல. இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.)

ஏன் ஆரம்பிக்கக் கூடாது? இந்தப் பதிவுல நீங்க ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா அது இதுவா இருக்கட்டும்.

ஒரே ஏரியாவுல ரெண்டு ரவுடி. பெரியவன் இருக்கற வரைக்கும் சின்னவன் வாலைச் சுருட்டிட்டு மூலையில கிடப்பான். போலீஸ் வந்து பெரியவனை மட்டும் தூக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் சின்னவன் என்ன பண்ணுவான்?

அதேதான். பி-யும் சி-யும் ஒரே கல்லீரல்ல இருந்தா, பெரும்பாலும் சி-தான் மேல ஆடும், பி அமுங்கிக் கிடக்கும். (எப்பவும் இல்ல. சில பேருக்கு உல்டா. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே ஆடும்.) அதனால பி-யோட வைரல் லோட் (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு) பாத்தா கம்மியா இருக்கும், சில சமயம் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. ரிப்போர்ட் பாக்கறவங்களும் "பி ஒண்ணும் இல்ல, விடுங்க"ன்னுடுவாங்க. இப்போ புது மாத்திரை சி-யை மட்டும் குறி வச்சு அடிக்குது. சில வாரத்துல சி காலி. அமுக்கிட்டு இருந்த ஆள் போனதும் பி எழுந்திரிச்சுடும்.

பழைய இன்டர்ஃபெரான் காலத்துல இது இவ்ளோ தெரியல. ஏன்னா இன்டர்ஃபெரான் பி-யையும் கொஞ்சம் அடிக்கும். புது மாத்திரைகளுக்கு பி மேல எந்தப் பிடிப்பும் கிடையாது.

அப்போ மாத்திரையைச் சோதிச்சுப் பாத்தப்பவே இது தெரிஞ்சிருக்கணுமே? எனக்கும் அதே சந்தேகம். பதிலைக் கேட்டா கடுப்பாகும். அந்த ஆரம்ப ஆய்வுகள்ல பி இருக்கறவங்களைச் சேக்கவே இல்ல! பி இருக்கறவங்களை ஒதுக்கிட்டுச் சோதனை பண்ணினா பி எழுந்திரிக்கறது எங்க தெரியும்? மருந்து கடைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. 2016 அக்டோபர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு. 2013 நவம்பர்லேர்ந்து 2016 ஜூலை வரைக்கும் அவங்களுக்குத் தெரிய வந்தது 24 பேர். அதுல ரெண்டு பேர் செத்துட்டாங்க, ஒருத்தருக்குக் கல்லீரல் மாத்த வேண்டியதாப் போச்சு. பெரும்பாலும் மாத்திரை ஆரம்பிச்சு நாலுலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ளயே பி கிளம்பியிருக்கு. அப்போலேர்ந்து இந்த மாத்திரைகளோட சீட்டுல கட்டம் கட்டி எச்சரிக்கை போடறாங்க: ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பி டெஸ்ட் பண்ணு.

கட்டம் கட்டித்தான் போட்டிருக்கு. நம்ம ஊர்ல அந்தச் சீட்டை யாரு பிரிச்சுப் படிக்கறா?

பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். தைவான்ல ரெண்டும் இருக்கற 111 பேருக்கு சி மாத்திரை குடுத்து ஒழுங்காக் கவனிச்சுப் பாத்திருக்காங்க. 2018-ல வெளியான ஆய்வு. 111 பேருக்குமே சி போயிடுச்சு. ஒருத்தர்கூட பாக்கி இல்ல. அதுல பாதிக்கு மேல உள்ளவங்களுக்கு பி-யோட அளவு ஏறினது உண்மை. ஆனா கல்லீரல் வீங்கற அளவுக்குப் போனவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான், அவங்களையும் நேரத்துல பாத்ததால சமாளிச்சுட்டாங்க. அதனால ரெண்டும் இருக்குன்னா சி-க்கு மருந்து எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்லவே இல்ல. எடுக்கணும். கட்டாயம் எடுக்கணும். ரெண்டும் சேர்ந்து இருந்தா சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறி இறுகிப் போறது) கல்லீரல் புற்றுநோயும் ஒண்ணு மட்டும் இருக்கறவங்களைவிட சீக்கிரம் வருது. பி-யையும் கண்ணுல வச்சுக்கிட்டு எடுக்கணும், அவ்ளோதான்.

நாங்க அப்புறம் போனது மருத்துவக் கல்லூரி ஜி.ஹெச். கல்லீரல் ஓ.பி. கூட்டம்னா கூட்டம். ஆனா அங்க இருந்த டாக்டரம்மா முதல்ல கேட்டதே "ரெண்டாவது பக்கம் எங்க?"தான். எனக்கு அப்பவே பாதி நிம்மதி.

ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. கல்லீரல் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்கற மெஷின். விலாவுல வச்சு டொக்கு டொக்குன்னு தட்டும், வலிக்காது. வெறும் வயித்துல வரணும், குறைஞ்சது மூணு மணி நேரமாவது சாப்பிடாம இருக்கணும். சாப்பிட்டா கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி அளவு தப்பாக் காட்டும்.

மாமா வாசல்ல ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுட்டு வந்திருந்தார்.

"பஜ்ஜிதானே மாப்ள, சாப்பாடா?"

மத்தியானம் வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தோம். நான் பசியில, அவர் பஜ்ஜித் தெம்புல.

ரிப்போர்ட் படிக்கறது ஒரு தனிக் கலை. ரியாக்டிவ்னா என்ன, வைரல் லோட்ல பத்தோட அடுக்கு அஞ்சுன்னா எவ்ளோ, ஒரு லேப் ஐ.யூ.-ன்னு போடும், இன்னொரு லேப் வெறும் லாக்னு ஒரு நம்பர் போடும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வைரஸ் ஏறிடுச்சா இறங்கிடுச்சான்னே புரியாது. எனக்குப் புரிஞ்ச ஒரே வழி: ஒரே லேப்ல எடுக்கறது, ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதறது. அத்தை காலண்டர் தாளைக் கிழிச்சு அதுக்குப் பின்னாடி எழுதி வச்சாங்க. அதுவும் போதும்.

மாமாவுக்கு சி லட்சக்கணக்குல. பி கொஞ்சம்தான், ஆனா இருக்கு. கல்லீரல்ல சிரோசிஸ் ஆரம்பம், இன்னும் வயித்துல தண்ணி கோக்கற அளவுக்குப் போகல. டாக்டரம்மா சொன்னது சுருக்கமா: "ஐயா, உங்களுக்கு சிரோசிஸ் இருக்கு, பி-யும் ரத்தத்துல ஓடுது. அதனால முதல்ல பி-க்கு மாத்திரை. அதோட சி-க்கு 12 வாரம். சி முடிஞ்சாலும் பி மாத்திரை நிக்காது."

பி-க்கு டெனோஃபோவிர். சி-க்கு சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை. ரெண்டும் ஒரு நாளைக்கு ஒண்ணு. பத்தியம்? சாராயம் தொடாதீங்க. அவ்ளோதான் பத்தியம்.

(மாமாவுக்கு நம்பிக்கையே வரல. "உப்பு சேத்துக்கலாமா, எண்ணெய் சேத்துக்கலாமா, கறி?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. வயித்துல தண்ணி கோத்தாதான் உப்பைக் குறைக்கணுமாம். அதுவரைக்கும் நல்லாச் சாப்பிடணுமாம், சிரோசிஸ்ல தசை கரையறதுதான் பெரிய ஆபத்தாம்.)

12 வாரம் மாத்திரை, அப்புறம் 12 வாரம் சும்மா இருந்து டெஸ்ட். சி-யோட ஆர்.என்.ஏ. காணோம். போயே போச்சு.

இந்த இடத்துல ஒரு சின்ன எச்சரிக்கை. சி குணமானாலும் அந்த சி ஆன்டிபாடி டெஸ்ட் சாகற வரைக்கும் ரியாக்டிவ்னுதான் காட்டும். உடம்பு அதை மறக்காது. அடுத்த தடவை எங்கயாவது கார்டு டெஸ்ட் பண்ணி "ஐயய்யோ சி இருக்கு"ன்னா பதறாதீங்க, ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டைக் காட்டுங்க. அதே சமயம் ஒரு தடவை வந்து போனதால இனிமே வராதுன்னும் இல்ல. திரும்ப அதே வழியில போனா திரும்ப வரும்.

சரி, சி போகுது, பி ஏன் போகாது?

சி வைரஸ் ஆர்.என்.ஏ. வைரஸ். செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போறதே இல்ல, வெளியிலயே சுத்தும். பெருகறதை நிப்பாட்டினா கொஞ்ச நாள்ல துடைச்சு எடுத்துடலாம். பி அப்படி இல்ல. அது தன்னோட டி.என்.ஏ.வை வட்டமா முடிச்சு நியூக்ளியஸுக்குள்ளயே வச்சிடும். டெனோஃபோவிர், என்டெகாவிர் எல்லாம் புது வைரஸ் உருவாகறதைத் தடுக்கும், அந்த வட்டத்தைத் தொடாது. அதனாலதான் மாத்திரையை நிறுத்தினா திரும்பக் கிளம்புது. சிரோசிஸ் இருக்கறவருக்கு அப்படிக் கிளம்பினா கல்லீரல் ஒரேயடியா மடங்கிடலாம்.

கிட்னி விஷயமும் சொல்லணும், அந்த வாய்ஸ் நோட் மனுஷன் கிளப்பினதாச்சே. அவர் பயம் முழுக்கப் பொய் இல்ல. டெனோஃபோவிர் சில பேருக்கு சிறுநீரகத்தையும் எலும்பையும் கொஞ்சம் பாதிக்கும். அதுக்குத்தான் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியேட்டினின் டெஸ்ட் அப்பப்போ பாக்கறாங்க. ஏறினா டெனோஃபோவிர்லயே இன்னொரு வகை இருக்கு, அலாஃபெனமைடுன்னு, அதுக்கு மாத்துவாங்க, இல்ல என்டெகாவிருக்கு. மாத்தறது வேற, நிப்பாட்டறது வேற. இதை அந்தக் குரூப்ல அழுத்திச் சொல்லணும்.

இப்போ அத்தை விஷயம். அத்தைக்கு இந்த மாத்திரை எல்லாம் இரண்டாம் பட்சம். கீழாநெல்லிதான் முதல். கொல்லையில முளைச்சதைப் பறிச்சு, அரைச்சு, மோர்ல கலக்கி, காலையில வெறும் வயித்துல. "காமாலைக்கு கீழாநெல்லி, எங்க பாட்டி காலத்துலேர்ந்து"ன்னு.

இதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஏன்னா இதுக்குப் பின்னாடி ஒரு அருமையான மெட்ராஸ் கதை இருக்கு.

ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு வழி காட்டினவர் பாரூக் பிளம்பர்க். அமெரிக்கர். அவர் கல்லீரல் வைரஸைத் தேடவே இல்ல. ஜனங்களோட ரத்தப் புரதத்துல பரம்பரையா என்ன வித்தியாசம்னு தேடிட்டு இருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட ரத்தத்துல புதுசா ஒண்ணு மாட்டுச்சு. 1965-ல 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்'னு எழுதினார். அதுதான் இன்னிக்கு நாம பாக்கற ஹெச்பிஎஸ்ஏஜி. (நம்ம ஊர் வயசான டாக்டர்கள் இன்னும் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாத்தியா?"ன்னு கேப்பாங்க. மாமா ஆஸ்திரேலியாவுக்கு எப்பப் போனோம்னு முழிச்சார்.) 1976-ல நோபல். அவர் பிறந்த நாள்தான் ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினம்.

அதே பிளம்பர்க், மெட்ராஸ் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனோட சேர்ந்து, நம்ம கீழாநெல்லியை சோதிச்சிருக்கார்! 1988-ல லான்செட்ல வந்துச்சு. பி வைரஸ் இருக்கற 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி குடுத்ததுல 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைஞ்சுதுன்னு எழுதினாங்க. மருந்தில்லாத டம்மி குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. உலகமே திரும்பிப் பாத்துச்சு. தியாகராஜன் பின்னாடி மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராவும் ஆனார்.

அப்புறம்? தாய்லாந்து, நியூசிலாந்துன்னு மத்த இடங்கள்ல சோதிச்சுப் பாத்தாங்க. அந்தப் பலன் திரும்பக் கிடைக்கல. அதான் சோகம்.

ஆனா பாட்டி சொன்னது ஏன் எல்லாருக்கும் பலிச்சுது? ரொம்ப எளிமை. நம்ம ஊர்ல அடிக்கடி வர்ற மஞ்சக்காமாலை ஏ வகை, இ வகை. கெட்ட தண்ணி, கெட்ட சாப்பாட்டால வர்றது. கீழாநெல்லி குடிச்சாலும் போகும், குடிக்கலைன்னாலும் பெரும்பாலும் சில வாரத்துல தானாப் போகும். பேர் வாங்கினது கீழாநெல்லி. (கர்ப்பிணிகளுக்கு இ வகை வந்தா மட்டும் விளையாடாதீங்க, உயிருக்கே ஆபத்து.) பி-யும் சி-யும் கண்ணை மஞ்சளாக்காமலே இருபது முப்பது வருஷம் உள்ள உக்காந்திருக்கற ஜாதி. மஞ்சள் வந்தப்பறம் நாட்டு மருந்து தேடினா, அப்போ கல்லீரல்ல பாதி போயிருக்கும்.

டாக்டரம்மா அத்தைகிட்ட நல்லாத்தான் சொன்னாங்க: "அம்மா, கீழாநெல்லிக்காக மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. வேற என்ன பொடி, லேகியம் குடுத்தாலும் எங்ககிட்ட சொல்லிட்டுக் குடுங்க." அத்தை மோரை மட்டும் தொடர்றாங்க. அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல.

எனக்கு ஆட்சேபம் இருந்தது தட்டுல. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்புள்ளையைத் தூக்கக் கூடாது. அந்த மனுஷன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

சாப்பாட்டால பரவாது. ஒரே தட்டுல சாப்பிட்டா பரவாது. கட்டிப் பிடிச்சா, முத்தம் குடுத்தா, இருமினா பரவாது. கொசு கடிச்சும் பரவாது. ரத்தம். ரத்தம் பட்ட பொருள். பி-ன்னா உடலுறவு, பிரசவத்துல தாய்கிட்டேர்ந்து குழந்தைக்கு. அதனால பிரிச்சு வைக்க வேண்டியது ஷேவிங் ரேசர், நெயில் கட்டர், டூத் பிரஷ். பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துல ஏழு நாள்கூட உயிரோட இருக்கும். சலூன்ல பிளேடு புதுசான்னு கண்ணால பாத்துட்டு உக்காருங்க. ஊசி போடற இடத்துல கவரைப் பிரிக்கறதைப் பாருங்க. 2009-ல குஜராத்துல மொடாசா பக்கம் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டு பி பரவி எத்தனை பேர் செத்தாங்கன்னு பழைய பேப்பரைத் தேடிப் படிங்க. அங்க யாரும் ஒரே தட்டுல சாப்பிட்டுச் சாகல.

வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். யாருக்கும் இல்ல. உடனே பி தடுப்பூசி: இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். மூணு ஊசி. சி-க்குத் தடுப்பூசியே கிடையாது, தேடாதீங்க. பி-க்கு இருக்கறப்போ போடாம இருக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல. ஒரு காலத்துல விலை காரணம் இருந்துச்சு. இறக்குமதி மருந்து, சாதாரணக் குடும்பம் தொட முடியாது. 1997-ல ஹைதராபாத்ல வரப்பிரசாத் ரெட்டியோட சாந்தா பயோடெக்னிக்ஸ் இங்கயே தயாரிச்சு விட்டதும் விலை மளமளன்னு இறங்குச்சு. இப்போ குழந்தைகளுக்கு அரசு இலவசமாப் போடுது. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் ஊசி. அந்த 24 மணி நேரம் ஏன் முக்கியம்னா, பிறக்கறப்போ பி தொத்தின குழந்தைகள்ல பத்துல ஒம்பது பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிடும். பெரியவங்களுக்குத் தொத்தினா நூத்துக்கு அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் தங்கும். தைவான் 1984-லயே பி இருக்கற அம்மாக்களோட குழந்தைகளுக்கும், 1986-லேர்ந்து எல்லாக் குழந்தைக்கும் போட ஆரம்பிச்சு, அங்க பிள்ளைங்களுக்கு வர்ற கல்லீரல் புற்றுநோயே குறைஞ்சுபோச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2022-க்குப் போட்ட கணக்குல இந்தியாவுல பி இருக்கறவங்க ஏறக்குறைய 3 கோடி, சி இருக்கறவங்க 55 லட்சம். இதுல முக்கால்வாசிக்கு மேல தனக்கு இருக்குன்னே தெரியாதவங்க. நம்ம குரூப்லயே ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம். வாய்ஸ் நோட் போட்டவரும் டெஸ்ட் எடுத்ததில்ல, நான் கேட்டுட்டேன்.

மாமா இப்போ நல்லா இருக்கார். குடலிறக்க ஆபரேஷனும் முடிஞ்சுது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. ரத்த டெஸ்ட். சி போனாலும் சிரோசிஸ் வந்த கல்லீரல்ல புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் ஒட்டிக்கிட்டேதான் இருக்கும், அதனால இது தொடரும். முணுமுணுத்துக்கிட்டே வர்றார். ஸ்கேன் அன்னிக்கு பஜ்ஜிக் கடைப் பக்கம் போகாமப் பாத்துக்கறது என் வேலை.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். வீட்ல யாருக்காவது சி-க்கு மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா, முதல் மாத்திரையை முழுங்கறதுக்கு முன்னாடி "ஹெச்பிஎஸ்ஏஜி பாத்தாச்சா? ஆன்டி-ஹெச்பிசி பாத்தாச்சா?"ன்னு டாக்டரைக் கேளுங்க. ரெண்டாவது டெஸ்ட், பி முன்னாடி வந்துட்டுப் போயிருக்கான்னு சொல்லும். அவங்களுக்கு பி எழுந்திரிக்கற ஆபத்து ரொம்பக் குறைவு, ஆனாலும் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். புற்றுநோய்க்கு கீமோ ஆரம்பிக்கறவங்க, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கறவங்களும் இதே கேள்வியைக் கேக்கணும். அவங்களுக்கும் பி எழுந்திரிக்கும். கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க. ரிப்போர்ட்டோட எல்லாப் பக்கத்தையும் எடுத்துட்டுப் போங்க.